கயிறு கட்டிய மூலை

திரியெஸ்தே, 9 பிப்ரவரி 1958

மதிப்பிற்குரிய திருமதி நிவேஸ் ரூஸ்தியா அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதையும் அனுப்புவேனா என்று இந்த வரியை எழுதும்போது எனக்குத் தெரியவில்லை.

என் பெயர் எஜிதியோ மார்சிக். துறைமுகத்துக்கு அருகே ஒரு கப்பல் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு எழுத்தராக முப்பத்தொரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வயது அறுபத்து நான்கு. தினமும் மாலை ஐந்து முப்பத்தொன்றுக்கு வாசலை விட்டு இறங்குவேன். கால்வாய்ப் பாலம், வறுத்த கஷ்கொட்டை விற்பவரின் அடுப்பு, பிறகு கூடைக்காரர் தெருவின் ஏற்றம், எண்பத்து நான்கு படிகள், வீடு. ஐந்து ஐம்பத்தெட்டுக்கு என் தங்கை ஆல்பா சூப்பை மேசையில் வைப்பாள்.

மலையிலிருந்து இறங்கும் போரா காற்று அடிக்கும் நாட்களில் கூடைக்காரர் தெருவின் மூலையில் உங்கள் கணவர் தூலியோ, நடப்பவர்கள் பிடித்து ஏற நகராட்சிக் கயிற்றைக் கட்டிவிட்டு, கீழ்முனைக் கம்பத்தருகே நிற்பார். என்னைப் போன்ற எடையில்லாதவர்களுக்குக் கை கொடுத்துக் கயிற்றில் சேர்ப்பார். பதினோரு குளிர்காலங்கள் அந்தக் கையைப் பிடித்திருக்கிறேன். எனக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்திருந்தார். "வாங்க மணிக்கூண்டு ஐயா! இன்னிக்கு ஒரு நிமிஷம் லேட்டு. ஊர்ல அத்தனை கடிகாரமும் தப்பாப் போச்சு பாருங்க" என்பார். நான் சிரித்துவிட்டுப் போவேன். பதில் சொல்லத் தோன்றாது. வீட்டுக்குப் போனபின் நல்ல பதில்கள் தோன்றும்.

ஜனவரி 29 அன்று நடந்ததைக் கேள்விப்பட்டு மிகவும் துயருற்றேன். துரதிர்ஷ்டவசமாக அன்று மட்டும் நான் கடற்கரைச் சாலை வழியாக வீடு திரும்பினேன்.

என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

எ. மார்சிக்

*

சான் ஜாகோமோ, திரியெஸ்தே, 12 பிப்ரவரி

மார்சிக் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நகராட்சியிலிருந்து வந்தது அச்சடித்த அட்டை. அவருடைய பெயரை மட்டும் மையால் நிரப்பியிருந்தார்கள். முழுத் தாளில் எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். அதற்கு நன்றி.

உங்களை எனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றாகத் தெரியும். சாப்பிடும்போது அவர் உங்களைப் போல நடந்து காட்டுவார். கையில் குடை, தலை குனிந்து, உதடு அசைய. "நிவேஸ், அந்த மனுஷன் அடியை எண்ணிக்கிட்டே போறாரு. நடுவுல பேசினா மறந்துருமேன்னு பேசுறதில்ல" என்பார். உங்களை அவருக்குப் பிடிக்கும்.

இப்போது ஒன்று கேட்கிறேன். அவர் கயிற்றில் தொங்கிப் பலம் பார்த்தபோது முடிச்சு அவிழ்ந்து, காற்று அவரை எதிர்ப்புற விளக்குக் கம்பத்தில் அடித்தது என்று காவல் நிலைய அறிக்கை சொல்கிறது. சரியாக முடிச்சுப் போடாதது அவர் தவறாம். ரொட்டிக்கடைக்காரர் ஆறு ஐம்பதுக்கு அவரைப் பார்த்தபோது உயிர் இருந்தது. கைவண்டியில் வைத்துக் காற்றில் உருளாமல் இருக்க அந்தக் கயிற்றையே எடுத்து அவரைக் கட்டினார்கள். கயிறு அப்போது கம்பத்தில் இருந்ததா, அவிழ்ந்து கிடந்ததா என்றால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒன்பது மணிக்குப் போய்விட்டார்.

பதினெட்டு வருடம் முடிச்சுப் போட்ட கை அது. என் சமையல் ஏப்ரன் நாடாவை அவர் கட்டினால் நான் கத்திரிக்கோல் தேட வேண்டும்.

முப்பத்தொரு வருடம் ஒரே வழியில் போகிறவர், அன்றைக்கு மட்டும் ஏன் வேறு வழியில் போனீர்கள்?

நிவேஸ் ரூஸ்தியா

*

15 பிப்ரவரி

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு,

உங்கள் கேள்வி நியாயமானது. அன்று எனக்குச் சற்றுத் தலைவலி இருந்தது. காற்றாட நடந்தால் குணமாகும் என்று எண்ணினேன். தினமும் அந்த வழியே போகிறவன் என்று காவல் நிலையத்துக்கு அழைத்தபோதும் இதையே சொல்லிக் கையெழுத்திட்டேன். விசாரித்த அதிகாரி மிகவும் மரியாதையானவர்.

நேற்று நீங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்ததாக வாயிற்காவலர் சொன்னார். நான் உள்ளே இருந்தேன். இறங்கி வர முடியவில்லை, மன்னிக்கவும். தயவுசெய்து அங்கே வர வேண்டாம். எனக்கு ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதங்கள் இருக்கின்றன. இயக்குநர் ஐயா ஒழுங்கை விரும்புபவர். எழுத வேண்டியது இருந்தால் வீட்டு முகவரிக்கு எழுதுங்கள்.

இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. நாம் இருவரும் ஒரே ஊரில், நடந்தால் பன்னிரண்டு நிமிடத் தூரத்தில் இருக்கிறோம்.

எ. மார்சிக்

*

19 பிப்ரவரி

மார்சிக் அவர்களுக்கு,

தலைவலிக்குக் காற்றாட நடந்தீர்களா? போராவில்? கடற்கரைச் சாலையிலா?

நான் காப்பிக் கிடங்கில் கொட்டை பொறுக்குகிறவள். நீள மேசையில் இருபது பெண்கள் உட்கார்ந்து கறுத்ததையும் பூச்சி அரித்ததையும் தள்ளுவோம். உங்கள் கடிதத்தை மேசையில் சத்தமாகப் படித்தேன். உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். படித்துவிட்டேன். அவர் போனபின் அந்த மேசையில் முதன்முதலாகச் சிரிப்பு வந்தது.

"அவரு எடை எவ்வளவு இருக்கும்?"

"குடையோட சேத்து ஐம்பது கிலோ."

"அன்னிக்கு மீன் சந்தைக்கிட்ட ரெண்டு லாரி கவுந்துச்சு. இவரு கடலோரமா நடந்தாராமா? அடியம்மா, வெனிஸ்ல போய்ல்ல இறங்கியிருப்பாரு!"

"குடையை விரிச்சிருந்தா ஸ்பெயின்."

சிரித்து முடித்து மறுபடி கொட்டை பொறுக்கினோம். மேசைக் கோடியில் இருந்த கிழவி மட்டும், "சொல்லத் தெரியாம சொன்ன பொய்யடி அது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன்" என்றாள்.

இந்த ஊரில் பிறந்த யாரும், நாய்கூட, போரா அடிக்கும் நாளில் கடற்கரைச் சாலையில் போகாது. காற்று மலையிலிருந்து இறங்கி அங்கே எல்லாவற்றையும் தண்ணீரில் தள்ளும். பள்ளிக்கூடம் போகும் முன்பே நாம் கற்கிற பாடம் இது. உங்கள் மரியாதையான அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். நேப்பிள்ஸ்காரர். வந்து இரண்டு மாதம் ஆகிறது. "கடலோரம் நடக்கறது ஒடம்புக்கு நல்லதுதானேம்மா?" என்று என்னையே கேட்கிறார்.

நகராட்சிக் கிடங்கில் மேஸ்திரி ஒரு தாளை ஒட்டியிருக்கிறார். "முடிச்சை இருமுறை சரிபார்க்கவும். ரூஸ்தியாவுக்கு நேர்ந்ததை மறவாதீர்." அவருடைய ஆட்கள் தினமும் காலையில் அதன் கீழே நின்று கயிறு வாங்குகிறார்கள். எனக்கு வேறெதுவும் வேண்டாம், மார்சிக். அந்தத் தாள் கீழே இறங்க வேண்டும். அவர் முடிச்சு அவிழவில்லை என்று யாராவது சொல்ல வேண்டும். மார்ச் 14 அன்று நீதிபதி இந்த வழக்கை மூடிவிடுவார். பிறகு அது அப்படியே நின்றுவிடும்.

உங்கள் அலுவலகத்துக்கு வந்த அன்று உங்களை இரண்டாம் மாடி ஜன்னலில் பார்த்தேன். திரைக்குப் பின்னால் நகர்ந்தீர்கள்.

நிவேஸ்

*

24 பிப்ரவரி

அம்மா,

நான் கூடைக்காரர் தெரு வழியாகத்தான் வந்தேன்.

முடிச்சு அவிழவில்லை.

இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள். இந்த இரண்டு வரிகளை எழுத ஐந்து நாட்கள் ஆயின. முடிந்தால் இந்தத் தாளை அதிகாரியிடம் காட்டுங்கள். முடிந்தால் காட்டாமலும் இருங்கள். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தெருவில் இப்போது நான் போவதில்லை. படிக்கட்டைச் சுற்றி, சலவைத் துறை வழியாகப் போகிறேன். பதினேழு நிமிடம் அதிகம். ஆல்பா சூப்பை இரண்டாம் முறை சூடாக்கி வைக்கிறாள். சம்பவம் நடந்த அன்று இரவு அவள் என் கம்பளிக் கையுறையைத் தைக்க எடுத்தாள். உள்ளங்கை நெடுக சணல் நார் ஒட்டியிருந்தது. ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். "கடல் பக்கமா வந்தேன்னு சொன்னியே அண்ணா. அங்க ஏது கயிறு?" என்றாள். நான் செய்தித்தாளைப் புரட்டினேன்.

எ. மா.

*

26 பிப்ரவரி

மார்சிக்,

முடிச்சு அவிழவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தால்தான் தெரியும்.

பிடித்திருந்தீர்கள். உங்கள் கையுறை சொல்கிறது.

அப்படியானால் பார்த்தீர்கள். முழுவதும் எழுதுங்கள். எனக்கு நோகுமே என்று எதையும் விட வேண்டாம். அவர் ஏதாவது சொன்னாரா?

நி.

*

5 மார்ச்

அம்மா,

எனக்கு வரிசையாகச் சொல்லத்தான் தெரியும். வரிசையாகச் சொல்கிறேன்.

நான் வீடு திரும்பும் நடைக்கு ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். இது பதினான்காவது. புறப்பட்ட நேரம், காற்று, வந்து சேர்ந்த நேரம். அவ்வளவுதான் இருக்கும். ஏன் எழுதுகிறேன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லத் தெரியாது. எல்லா நாளும் ஒன்றுபோல முடிந்தது என்று பார்த்துக்கொள்வதில் ஒரு நிம்மதி இருந்தது. ஜனவரி 29, புதன்கிழமைக்கு எதிரே இப்படி இருக்கிறது: "5:31. போரா, கடுமை. தரையில் பனிக்கட்டி. 6:24."

5:43க்கு மூலைக்கு வந்தேன். தூலியோ கை நீட்டினார். "புடிச்சுக்குங்க மணிக்கூண்டு ஐயா, இன்னிக்கு இது மாடு முட்டற மாதிரி முட்டுது" என்றார். என்னைக் கயிற்றில் சேர்த்துவிட்டுக் கம்பத்தருகே திரும்பி நின்றார். தெருவின் வாயில் நகராட்சித் தடுப்பு இருந்தது. வண்டி எதுவும் வரக் கூடாத நாள். நான் கயிற்றைப் பிடித்து ஆறேழு அடி ஏறியிருப்பேன்.

சந்திலிருந்து ஒரு கறுப்புக் கார் வந்தது. தடுப்பைச் சுற்றி நடைபாதையில் ஏறி வந்திருக்க வேண்டும். பனிக்கட்டியில் சறுக்கியது, காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளியது. அது தூலியோவை இடித்தது. அவர் தெருவைத் தாண்டிப் போய் எதிர்ப்புற விளக்குக் கம்பத்தில் மோதி அங்கேயே விழுந்தார். காரின் மூலை கயிற்றையும் இழுத்தது. கயிறு வில் போல வளைந்து என்னைச் சுவரில் அடித்தது. ஆனால் அறவில்லை. முடிச்சு அசையவில்லை. அசைந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

காரை ஓட்டியவர் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். எங்கள் இயக்குநரின் மகன் ஃபூல்வியோ. தூலியோவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மார்சிக்கா? நீங்க வீட்டுக்குப் போங்க. நான் ஆளுங்களைக் கூட்டிட்டு வரேன். நீங்க எதையும் பாக்கல, சரியா?" என்றார். சரி என்றேன். அந்தக் குடும்பத்தில் யார் எதைச் சொன்னாலும் முப்பத்தொரு ஆண்டுகளாக நான் சொல்வது அதுதான். அவர் பின்னோக்கி ஓட்டிப் போனார்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். தூலியோ பேசினார்.

கண் திறந்திருந்தது. நான் அவரை நோக்கி ஒரு காலை எடுத்து வைத்திருப்பேன் போலிருக்கிறது. கயிற்றை விட்டால் நான் உருண்டுவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். "கயித்த விடாதீங்க ஐயா" என்றார். சத்தமாக அல்ல, காற்றின் இடைவெளியில். "விடாதீங்க. யாராச்சும் வருவாங்க."

நான் விடவில்லை. கீழ்ப்படிவது எனக்கு எப்போதும் எளிது. எங்களுக்கிடையே ஆறு அடிகள் வைத்தால் கடக்கும் அகலம். நான் இந்தப் பக்கம் கயிற்றில். அவர் அந்தப் பக்கம் தரையில். ஒருவரும் வரவில்லை. தெருவில் எல்லா ஜன்னல் பலகைகளும் அடைத்திருந்தன. கூப்பிட்டேனா என்று கேட்பீர்கள். ஒருமுறை கூப்பிட்டேன். காற்றில் எனக்கே கேட்கவில்லை. பிறகு கூப்பிடவில்லை.

பத்தொன்பது நிமிடங்கள் நின்றேன். கால்வாய்த் தேவாலயத்தில் ஆறு அடித்தது கேட்டது. பிறகு கயிற்றை மெல்ல மெல்லப் பற்றி மேல்முனைவரை ஏறி, அங்கே விட்டுவிட்டேன். அவரிடம் போவதற்காக விடவில்லை. வீட்டுக்குப் போவதற்காக விட்டேன். ஃபூல்வியோ ஆளை அழைத்து வருவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழியில் எத்தனையோ கதவுகள். ஒன்றையாவது தட்டியிருக்கலாம். தட்டினால் யார் செய்தது என்று கேட்பார்கள்.

சூப்பைக் குடித்தேன் அம்மா. முழுவதும் குடித்தேன். புளித்த முட்டைக்கோஸும் பீன்ஸும் போட்ட சூப்பு. நன்றாக இருந்தது என்று ஆல்பாவிடம் சொன்னேன்.

அதிகாரி கேட்டபோது வாயில் வந்தது கடற்கரைச் சாலை. சொன்ன கணமே அவர் சிரித்துவிடுவார், பொய் அங்கேயே உடையும் என்று காத்திருந்தேன். ஒருவேளை உடையட்டும் என்றே அதைச் சொன்னேனோ என்று இப்போது தோன்றுகிறது. அப்படி எண்ணுவதும் எனக்கு நானே தரும் சலுகையாக இருக்கலாம். அவர் தெற்கத்திக்காரர். அப்படியே எழுதிக்கொண்டார். எழுத்து அழகாக இருந்தது.

கீழே முழுப் பெயர் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். குறிப்பேட்டையும் இத்துடன் வைக்கிறேன். எனக்கு இனி அது வேண்டாம்.

எஜிதியோ மார்சிக்

*

11 மார்ச்

மார்சிக்,

உங்கள் கடிதத்தை மேசையில் படிக்கவில்லை. யாருக்கும் படித்துக் காட்டவில்லை. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

மருத்துவமனையில் டாக்டர் என்னிடம் சொன்னதை இதுவரை உங்களுக்கு எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் நீங்களும் ஒன்றையும் விடவில்லை. "ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்மா" என்றார்.

நேற்று நீதிமன்றத்துக்குக் கடிதத்தைக் கொண்டுபோனேன். எழுத்தர் இரண்டு விரலால் பிடித்து, தூர வைத்துப் படித்தார். "அம்மா, தாள் யாரு வேணாலும் எழுதலாம். இந்த ஆளு ஏற்கெனவே வேற மாதிரி கையெழுத்துப் போட்டிருக்காரு. அவரே வந்து, முன்னது பொய்யினு வாயால சொல்லணும். இல்லேன்னா வெள்ளிக்கிழமை மூடிருவாங்க" என்றார். ஃபூல்வியோவைப் பற்றிக் கேட்டேன். மூன்று வாரம் முன்பே கப்பலேறி அர்ஜென்டினா போய்விட்டானாம், மாமா வீட்டுக்கு. யாரும் அவனை அனுப்பவில்லையாம், அவனாகவே போனானாம்.

ஆகவே நீங்கள்தான்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு. துறைமுகத்தில் இன்றே காற்று எச்சரிக்கைக் கொடி ஏற்றியிருக்கிறார்கள், வியாழன் முதல் போரா. சலவைத் துறை வழி அடைபட்டுவிடும். கடற்கரைச் சாலை உங்களுக்கே தெரியும். உங்கள் வீட்டிலிருந்து நீதிமன்றத்துக்கு இறங்கக் கூடைக்காரர் தெரு ஒன்றுதான் இருக்கிறது. கயிறு கட்டியிருப்பார்கள்.

கீழ்முனையில், அவர் நிற்கும் இடத்தில், நான் நிற்பேன். நீங்கள் வருகிறீர்களா என்று பார்க்க மட்டும். கை கொடுக்க மாட்டேன்.

நிவேஸ்

*

14 மார்ச், வெள்ளி

அம்மா,

காலையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கயிற்றைப் பிடித்து இறங்கினேன். நீங்கள் கோட்டுப் பைக்குள் இரு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றீர்கள். நான் கம்பத்தைத் தொட்டதும் திரும்பி நடந்தீர்கள். பத்தடி பின்னால் நீதிமன்றம்வரை வந்தேன். உங்களை வெளியே உட்கார வைத்துவிட்டதால் உள்ளே நடந்ததைச் சொல்கிறேன்.

முந்தைய வாக்குமூலம் பொய் என்றேன். நீதிபதி திரியெஸ்தேக்காரர். பழைய தாளைப் படித்து, "கடற்கரைச் சாலையா? போராவிலயா? இத யாருய்யா எழுதிக்கிட்டது?" என்றார். யாரோ சிரித்தார்கள். "முடிச்சு அவிழ்ந்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எப்படித் தெரியும்?" என்றார். "அதில்தான் நான் தொங்கிக்கொண்டிருந்தேன்" என்றேன். எழுத்தர் அதை அப்படியே எழுதினார். தூலியோ சொன்னதையும் சொன்னேன். அதை எழுதச் சொல்லவா என்று நீதிபதி கேட்டார். எழுதுங்கள் என்றேன். தூலியோவின் கவனக்குறைவு என்ற சொல்லை அறிக்கையில் அடித்துவிட்டார்கள். ஃபூல்வியோவுக்குத் தூதரகம் மூலம் கடிதம் போகுமாம். போய்ச் சேருமா என்று நான் சொல்ல முடியாது. உதவாமல் போனதற்காகவும் பொய் சொன்னதற்காகவும் என்மேல் தனி வழக்கு வரும். வரட்டும்.

நகராட்சிக் கிடங்குக்குப் போனேன். மேஸ்திரி தாளைக் கிழித்தார். என்னைப் பார்க்கவில்லை. கயிறு சுற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "அந்த மணிக்கூண்டு இவர்தானா?" என்று இன்னொருவரைக் கேட்டார்.

பன்னிரண்டரைக்கு அலுவலகம் போனேன். என் மேசைப் பொருட்கள் வாயிற்காவலரிடம் ஒரு அட்டைப் பெட்டியில் இருந்தன. அதை வாங்கிக்கொண்டு எதிர்ப்புறத் தூணருகே நின்றேன். வேறெங்கு போவது என்று தெரியவில்லை. ஐந்து முப்பத்தொன்று ஆனதும் நடந்தேன். கால்வாய்ப் பாலம். கஷ்கொட்டைக்காரர் காற்றுக்கு அடுப்பை அணைத்திருந்தார். 5:43க்கு மூலை.

கம்பத்தருகே யாரும் இல்லை. பெட்டியைச் சுவரோரம் வைத்தேன். கயிற்றைப் பிடித்து ஆறேழு அடி ஏறினேன். அன்று நின்ற இடம் எனக்குத் தெரியும், சுவரில் ஒரு இரும்பு வளையம் இருக்கிறது. அங்கே நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு கயிற்றை விட்டேன்.

உடனே விழுந்தேன். தொப்பி போய்விட்டது. காற்று இரண்டு முறை என்னைப் புரட்டியது. முழங்காலாலும் முழங்கையாலும் தவழ்ந்தேன். தரைக் கல்லின் இடுக்குகளில் விரல் பிடிக்கிறது. இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. விளக்குக் கம்பத்தைப் பிடித்து, அவர் கிடந்த இடத்தில் உட்கார்ந்து, மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அம்மா.

எஜிதியோ மார்சிக்